பேரப்பிள்ளைகளின் விடுமுறையும் அவர்களுடைய தமிழும்

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

நாங்கள் இங்கு நலமாக இருக்கிறோம்; உங்கள் நால்வரின் நலத்தையும் அறிய ஆவல். சிறுபோக நெல்லை விற்று முடித்த கையோடு அப்பா காலபோகத்துக்கு வயலைப் பண்படுத்தத் தொடங்கிவிட்டார். அக்காவும் பிள்ளைகளும் சுகம்.

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு விண்ணப்பம் போடுவதற்கு முன், மூத்தவனைத் தரம் ஒன்றில் எந்த மொழிமூலம் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும் என்றாய். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மருமகளும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. தமிழ் மொழிமூல ஆரம்பப் பிரிவில் படிப்பித்தே ஓய்வுபெற்ற நான் என்ன சொல்வேனோ என்று உங்கள் இருவருக்கும் ஒரு தயக்கம் இருந்திருக்கும். அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இதை மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விட்டுவிடாதே.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குருநாகலில் உங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள நல்ல பள்ளிக்கூடம் சிங்கள மொழிமூலமானது என்றால் அங்கேயே சேருங்கள். நடந்து போகும் தூரத்தில் தமிழ் மொழிமூலப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்திருந்தால் நான் அதைத்தான் கேட்டிருப்பேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வயதுப் பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, இரண்டு பஸ் மாற்றிக் கொண்டுபோய் விட்டால், களைத்து விழுந்து வீட்டுக்கு வரும் அவனுக்கு எந்த மொழியும் இனிக்காது. பள்ளிக்கூடத்தைத் தெரிவுசெய்வதோடு பிள்ளையின் தமிழ் தீர்மானமாகிவிட்டது என்று மட்டும் நீ எண்ணிவிடக் கூடாது. ஒரு மொழி இல்லாமல் ஆகாத இடங்களும், அந்த மொழியில் மட்டுமே பேசக்கூடிய மனிதரும் எத்தனை பேர் அவனைச் சுற்றி இருக்கிறார்கள் என்பதுதான் அதைத் தீர்மானிக்கும்.

ஓகஸ்ட் விடுமுறையில் நீங்கள் வந்திருந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். வந்த புதிதில் மூத்தவன் நான் கேட்பதற்கெல்லாம் சிங்களத்திலேயே பதில் சொன்னான். குளித்துவிட்டாயா என்றால் தலையை ஆட்டுவான். என்ன வேண்டும் என்றால் சிங்களத்தில் கேட்பான். உன் முகம் வாடியது. நான் வாடவில்லை; ஏனென்றால், ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் பதில் சொல்லும் பிள்ளை எதையும் இழந்துவிடவில்லை. நான் சொன்னது அத்தனையும் அவனுக்கு விளங்கியது. அதை வாய் திறந்து சொல்ல வேண்டிய தேவைதான் அவனுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சின்னவள் ஒரே வசனத்தில் இரண்டையும் கலந்து பேசுவதைக் கண்டு நீ பயப்படுவதும் வீண். கைக்கு அகப்பட்ட சொல்லை எடுத்துத் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். இரண்டு மொழி பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகள் பெரும்பாலும் இந்த வயதில் இப்படித்தான் பேசுவார்கள். யாரோடு எதைப் பேச வேண்டும் என்று பிரித்துக்கொள்ள அவர்களுக்கே தெரியும்.

மூத்தவனுக்கு அந்தத் தேவை கிளித்தட்டில் வந்தது. அக்காவின் பிள்ளைகள் முற்றத்தில் கோடு கீறி, தங்கள் சின்ன மச்சானையும் ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நடுக்கோட்டால் கிளி ஓடிவரும்போது முன்னால் நிற்பவனுக்குக் கத்திச் சொல்லாவிட்டால் அவன் அகப்பட்டுவிடுவான். முதல் ஆட்டத்தில் இவன் சிங்களத்தில் கத்தினான். ஒருவருக்கும் விளங்காமல் இவனுடைய பக்கம் தோற்றது. பின்னேரம் ஆவதற்குள் 'கிளி வருது, ஓடு மச்சான், ஓடு' என்று இவன் போட்ட சத்தம் குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது. நான் வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் நின்றவள்; பாட்டும் கதையும் படமும் காட்டி மொழியைக் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும் தன் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வெல்ல வேண்டும் என்ற ஆசை கற்பிப்பதை வேறெதுவும் அவ்வளவு விரைவில் கற்பிப்பதில்லை.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்குப் போன நாளை நீ பார்க்கவில்லை. நீ அப்பாவோடு வயலில் நின்றாய். ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் அங்கு நின்று, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் புறப்படும் என்பது உனக்குத் தெரியும். தெற்கிலிருந்து வருபவர்களும் நிறைய இறங்குவதால், கச்சான் விற்கும் பெண்களிடம் வியாபாரத்துக்குப் போதிய சிங்களம் இருக்கிறது. நான் மூத்தவனின் கையில் காசைக் கொடுத்து, நீயே வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றேன். அவனுக்குப் பின்னால் நின்ற தாய் சின்னவளோடு கதைத்ததைக் கேட்ட கடைக்காரப் பெண் சிங்களத்தில் விலை சொன்னாள். அவன் அண்ணாந்து பார்த்து, 'வறுத்ததோ, அவிச்சதோ?' என்று தமிழில் கேட்டான். அவள் அவனையும் தாயையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அளக்கும் சுண்டைச் சூடான கச்சான் குவியலுக்குள் செலுத்தி, முட்டமுட்ட அள்ளி, கடதாசிப் பையில் கொட்டி, அதற்கு மேல் ஒரு பிடியும் போட்டு, 'இது தங்கச்சிக்கு, ராசா' என்றாள். அவன் சிங்களத்தில் நன்றி சொல்லிவிட்டு என்னிடம் ஓடிவந்தான். எதைத் தமிழில் கேட்பது, எதைச் சிங்களத்தில் சொல்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டும் அவனுடையவை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை; சந்தேகம் பெரியவர்களாகிய எங்களிடம்தான் இருக்கிறது.

இரணைமடுக் குளத்துக்குப் போன பின்னேரத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் சந்தோசம். மருமகளின் தகப்பனாரும் குளத்து நீரை நம்பி நெல் விதைப்பவர் என்பதால், குளக்கட்டில் ஏறியதும் மருமகள் உன்னைக் கூட மறந்துவிட்டு அப்பாவோடு கதைக்கத் தொடங்கினாள். தண்ணீர் எந்த ஆற்றால் வருகிறது, துருசு எப்போது திறப்பார்கள், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு விடுவது என்று யார் தீர்மானிப்பது என்றெல்லாம் கேட்டாள். கனகராயன் ஆற்றால் வருவதையும், 1902இல் தொடங்கி 1921இல் கட்டி முடித்த குளம் இது என்பதையும், இப்போது 36 அடி வரை நீர் தேக்கலாம் என்பதையும், 2018 டிசெம்பர் மழையில் வான்கதவுகளைத் திறந்தபோது ஊர்கள் வெள்ளத்தில் நின்றதையும் அப்பா தமிழிலும் கையாலும் விளக்கிக்கொண்டிருந்தார். நீ களைத்து மரத்தடியில் இருந்துவிட்டதால், நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்த்தவன் மூத்தவன். பறவைகளைப் பார்க்க ஓட வேண்டும் என்று கால் துடிக்க, துருசைப் பற்றியும் ஏக்கரைப் பற்றியும் அந்தப் பிள்ளை பாதியை விழுங்கிப் பாதியைச் சொன்னான்.

இதில் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். பிள்ளை மொழிபெயர்ப்பதைப் பார்க்க எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருக்கும், ஆனால் அதை அவனுடைய வேலையாக்கிவிடாதே. பெரியவர்களின் கதையைச் சுமந்து திரியும் பிள்ளைக்கு விரைவிலேயே இரண்டு மொழியும் பாரமாகிவிடும். தாய்க்கும் பாட்டனுக்கும் இடையில் நின்று பேச வேண்டியவன் நீ. அதைவிட நல்லது, அவர்கள் இருவரும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத் தட்டுத்தடுமாறித் தாங்களே பேசிக்கொள்வது. மருமகள் என்னோடு குசினியில் பேசும் தமிழ் போன வருடத்தைவிட எவ்வளவோ தெளிந்திருக்கிறது. அவள் பிழையாகச் சொன்னதற்கு மூத்தவன் சிரித்தபோது நீயும் கூடச் சிரித்தாய், இனிச் சிரிக்காதே. தாய் தமிழ் பேச வெட்கப்படும் வீட்டில் பிள்ளையும் நாளடைவில் வெட்கப்படும்.

வற்றாப்பளைக்குப் போகலாம் என்று நீங்கள் கேட்டபோது மருமகள் தயங்குவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, கண்ணகி அம்மன் என்றதும் எங்கள் பத்தினித் தெய்வம்தானே என்று சொல்லி, தலைக்குக் குளித்து, வெள்ளை உடுத்து, எல்லோருக்கும் முதல் ஆயத்தமாகி நின்றாள். கஜபாகு மன்னன் பத்தினி வழிபாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்ததாக அவர்கள் பக்கத்திலும் சொல்கிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி இங்கு வந்து தங்கியதாக எங்கள் பக்கத்திலும் சொல்கிறோம். பிள்ளைகளுக்கு அம்மாள் வருத்தம் வந்தால் அவளுடைய தாயார் பத்தினிக்கு நேர்த்தி வைப்பாராம். நாங்கள் வாசலில் வேப்பிலை செருகிக் கண்ணகைக்கு நேர்த்தி வைக்கிறோம். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதை நான் சொன்னபோது, சின்னவள் அதைத் தாயிடம் சிங்களத்தில் திரும்பச் சொல்லி, பிறகு என்னிடம் வந்து தமிழில் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். ஒரே கதையை இரண்டு மொழியிலும் கேட்டு வளர்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. கோயிலுக்கும் விகாரைக்கும் கூட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் இருவரும் மாறிமாறிக் கதை சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது நந்திக்கடலோரம் வண்டியை நிறுத்தச் சொன்னவள் மருமகள். நீ பேசாமல் இருந்தாய். 2009இல் போரின் கடைசி நாட்களில் நாங்கள் எந்தக் கரையால் வந்தோம், உன் சித்தப்பாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்பது உனக்கு அப்போதே விளங்கிய வயது. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்குத் தெரிந்த தமிழில், 'அம்மா, நான் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை' என்றாள். ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்று மூத்தவன் கேட்டதற்கு, நான் உப்புப் போட்ட வெறுங்கஞ்சி குடித்து நாங்கள் உயிர் பிழைத்த கதையை அவன் தாங்கக்கூடிய அளவுக்குச் சொன்னேன். மிச்சத்தை அவன் வளர வளர நீங்கள் இருவரும்தான் சொல்ல வேண்டும். நீ தமிழில் சொல்லு, தாய் சிங்களத்தில் சொல்லட்டும். ஒரு மொழியில் மட்டும் சொன்னால், மற்ற மொழியில் யாரோ இன்னொருவர் வேறு விதமாக அவனுக்குச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விடயத்துக்கு வருகிறேன். வேறொரு நாள் முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ்ஸில் சின்னவள் முன்பள்ளியில் படித்த சிங்களப் பாட்டை உரத்துப் பாடினாள். முன் ஆசனத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்ததும், நீ அவளுடைய வாயில் விரலை வைத்து, தமிழில் பாடு என்றாய். அவர் ஏன் திரும்பினாரோ, நமக்குத் தெரியாது. ஆனால் தாயின் மொழி இங்கு பாடக் கூடாதது என்று அந்தக் குழந்தை அன்றைக்கு விளங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வரும்வரை அவள் பிறகு பாடவில்லை. வன்னியில் சிங்களத்தையும் குருநாகலில் தமிழையும் ஒளித்து வைக்கப் பழகிய பிள்ளைக்கு இரண்டு ஊரிலும் பாதி வாய்தான் மிஞ்சும்.

குருநாகலில் நீ செய்வதையும் நான் கவனித்திருக்கிறேன். வீட்டுக்குள் என்னோடு நன்றாகக் கதைக்கும் நீ, பஸ் நிலையத்திலோ கடையிலோ நின்று தொலைபேசியில் பேசும்போது குரலைத் தாழ்த்திவிடுகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். நீ வளர்ந்த காலம் அது. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையாக நின்ற நாட்களிலும், கொழும்பில் அறை தேடித் திரிந்த நாட்களிலும், சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோரும் மெல்லக் கதை, மெல்லக் கதை என்றுதான் உனக்குச் சொன்னார்கள். அது உயிருக்குப் பயந்து பழகிய பழக்கம். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் பிள்ளைகளுக்கு அந்தக் காரணம் தெரியாது. அப்பா தமிழ் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிறார் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாயிற்று. கந்தோர்களில் அது எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு கதை. உன் பிள்ளைகள் காதுபடச் சந்தையில் நின்று, சின்னவளே, அந்த வாழைப்பழத்தை எடு என்று வாய் நிறையச் சொல்வதற்கு உனக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. வெளியே போகும்போதெல்லாம் அப்படியே பேசு, மகன். பிள்ளைகளின் தமிழுக்கு நீ செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் தமிழ் உன் ஒருவனுடைய வாயிலிருந்துதான் வருகிறது என்பதையும் மறந்துவிடாதே. நீயும் மருமகளும் சிங்களத்தில் பேசிக்கொள்வது இயல்பு, அதை மாற்றச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு நீ பேசுவது தமிழாகவே இருக்கட்டும். களைத்து வந்த நாளிலும், கோபம் வந்த நாளிலும், அவர்கள் சிங்களத்தில் பதில் சொன்னாலும், நீ தமிழிலேயே தொடர்ந்து பேசு. கேட்டதைத் திரும்பத் தமிழில் சொன்னால்தான் தருவேன் என்று மட்டும் நிறுத்தி வைக்காதே. அப்படிச் செய்தால் பிள்ளை கேட்பதையே விட்டுவிடும். பள்ளிக்கூடம் தொடங்கியதும் சிங்களம் ஓங்கும், அதைத் தடுக்க முடியாது. இரண்டாம் மொழியாக அங்கு கற்பிக்கும் தமிழும் வாரத்தில் சில பாடவேளைகளுக்குள் முடிந்துவிடும். ஆகவே காலையில் முகம் கழுவி விடுவது, முன்பள்ளிக்குக் கூட்டிப் போவது, இரவில் கதை சொல்லிப் படுக்க வைப்பது ஆகிய வேலைகளை நீ எடுத்துக்கொள். உங்கள் நகரத்தில் முஸ்லிம் மக்களின் கடைகள் இருக்கின்றன; அவர்கள் வீட்டில் பேசுவதும் தமிழ்தான். இறைச்சியும் துணியும் அங்கே வாங்கு, மூத்தவனை முன்னால் விட்டுக் கேட்கச் சொல்லு. அவர்களுடைய பேச்சு எங்களுடையதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டாலும் நல்லதுதான். தமிழ் அப்பம்மாவுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அவனுக்கு வராது.

எழுத்தைப் பற்றி அவசரப்பட வேண்டாம். 247 எழுத்தையும் சுவரில் ஒட்டி வைத்து ஒப்புவிக்கச் சொல்ல வேண்டிய வயது இன்னும் வரவில்லை. ரயிலில் வந்தபோது ஒவ்வொரு புகையிரத நிலையத்திலும் பெயர்ப்பலகையைப் பார்த்து, சிங்களத்தில் ஒரு எழுத்தும் தமிழில் ஒரு எழுத்தும் கண்டுபிடித்ததாக அவன் எனக்குச் சொன்னான். மாங்குளத்தின் 'மா'வை அப்பாவின் வயல் மண்ணில் தடியால் கீறியும் காட்டினான். அப்படியே போகட்டும். 1990இல் நின்றுபோன ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வர 2013 ஆயிற்று. நீ அவனுடைய வயதில் அந்தப் பெயர்ப்பலகைகளை ரயிலிலிருந்து பார்த்ததே இல்லை. வீடியோ அழைப்பில் என்னைக் காட்டி, அப்பம்மாவுக்குத் தமிழில் ஏதாவது சொல்லு என்று அவனைச் சோதிப்பதையும் விட்டுவிடு. அக்காவின் பிள்ளைகளிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு நான் போய்விடுகிறேன். அவர்கள் தங்களுக்குள் என்னவோ கதைப்பார்கள்.

சித்திரைப் புத்தாண்டைப் பற்றி மருமகளோடு பேசி முடிவெடு. வருடம் பிறக்கும் நாளில் நீங்கள் அங்கு சம்பந்தியார் வீட்டில் இருப்பதுதான் முறை. போன முறை இங்கு நின்றீர்கள், அவர்களுக்கும் ஆசை இருக்கும். பாற்சோறு சாப்பிட்டு, கைவிசேடம் வாங்கி, உறவினர் வீடுகளுக்குப் போய் முடித்த பிறகு புறப்பட்டு வாருங்கள். உங்கள் இருவருக்கும் லீவு முடிந்தால் நீங்கள் திரும்புங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் தொடங்கும்வரை எங்களிடம் விட்டுவிடுங்கள். சின்னவள் இரவில் தாயைத் தேடுவாள் என்று மருமகள் யோசிப்பாள். அக்கா பக்கத்து வளவில்தான் இருக்கிறாள், அவளுக்கு உன்னைவிட நல்ல சிங்களம் வரும், தேடினால் அவள் வந்து படுத்துக்கொள்வாள் என்று சொல்லு. சம்பந்தியம்மாவுக்கு வற்றாப்பளைப் பொங்கலைப் பார்க்க விருப்பம் என்று மருமகள் சொன்னாள். வைகாசியில் நாள் தெரிந்ததும் அறிவிக்கிறேன். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், என்னுடைய அறையை அவருக்கு ஒழித்துத் தருகிறேன். புத்தாண்டு நேரத்தில் ரயிலில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் ஆசனங்களை முன்கூட்டியே பதிவுசெய்துவிட்டு எனக்கு ஒரு சொல் சொல்லு. அப்பா நிலையத்துக்கு ஓட்டோ கொண்டுவருவார்.

அன்புடன்,
அம்மா